முன் அச்சுக்கும் வேலை கொடுங்கள்
பிக்கப், ஜீப் வைத்திருப்போர் கேள்வி–பதில்

கே: ஃபோர் வீல் பிக்கப் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஃபோர் வீல் போட்டதில்லை. அப்ப அந்தப் பக்கம் எல்லாம் புதுசாவே இருக்கும்தானே?
— அரிசி ஆலைக்காரர், புதுவயல்

ப: மூன்று வருடம் பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீடு புதுசாகவா இருக்கிறது? ஓடு ஒழுகும், கதவு இறுகும், சாவி திரும்பாது. உங்கள் முன் அச்சும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கும்.

இப்போது வருகிற பெரும்பாலான பிக்கப்களில், டூ ஹையில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலையில், ஓட்டும்போது முன் டிஃபரன்ஷியலும் முன் ஷாஃப்டும் சரியாகச் சுற்றாது. ஆயில் அடியில் தங்கிவிடும். மேலே இருக்கிற பல்லிலும் பேரிங்கிலும் படிந்திருந்த ஆயில் மெல்ல வடிந்து போகும், வெறும் இரும்பில் காற்றின் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். ஆயில் சீலின் ரப்பர் உதடு ஒரே இடத்தில் உட்கார்ந்து இறுகிவிடும். பிறகு ஒருநாள் கார்த்திகை மழையில் அவசரத்துக்கு ஃபோர் வீல் போடும்போது அந்தத் துருவைத்தான் அரைக்கிறீர்கள்.

டொயோட்டா தன் ஃபோர் வீல் வண்டிகளின் கையேட்டிலேயே இதை எழுதியிருக்கிறது: மாதம் 16 கிலோமீட்டராவது, அதாவது 10 மைல், நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டுங்கள், முன்பக்க உறுப்புகளுக்கு அப்போதுதான் ஆயில் சேரும் என்று. வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இந்தப் பழக்கம் நல்லது. ஆனால் மூன்று வருடம் கிடந்த வண்டியை எடுத்த எடுப்பில் ஓட்டிவிடாதீர்கள். முதலில் முன் கிரவுன் (டிஃபரன்ஷியல்) ஆயிலையும் டிரான்ஸ்பர் கேஸ் ஆயிலையும் மாற்றுங்கள். பிறகு மெதுவாக, நேர்கோட்டில் ஓட்டுங்கள்.

கே: காரைக்குடியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தார் ரோடு, இல்லாவிட்டால் சிமென்ட் ரோடு. அந்த 16 கிலோமீட்டரை எங்கே ஓட்டுவது?
— செக்காலை

ப: தார் ரோட்டில் மட்டும் வேண்டாம். சிமென்ட் ரோட்டிலும் வேண்டாம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. உங்கள் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஏறத்தாழ 3 மீட்டர். நன்றாக ஸ்டியரிங்கை ஒடித்து ஒரு முழு வட்டம் அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் போனால், முன் அச்சின் நடுப்புள்ளி 6.7 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு சுற்று முடியும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட 4 மீட்டருக்கு மேல் அதிகம் உருண்டிருக்க வேண்டும். டூ ஹையில் அது தன்போக்கில் உருளும். பார்ட் டைம் ஃபோர் வீலில் டிரான்ஸ்பர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது, இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அந்த 4 மீட்டர் எங்கே போகும்? மண் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அதைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. முறுக்கம் முழுக்க ஷாஃப்டிலும் அதன் மூட்டான கிராஸிலும் டிரான்ஸ்பர் கேஸின் செயினிலும் ஏறும். ஸ்டியரிங் கனமாவதும், திருப்பத்தில் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் நிற்பதும் அதனால்தான்.

நம் பக்கம் மண் தடத்துக்கா பஞ்சம்? பங்குனி, சித்திரையில் வற்றிக் கிடக்கும் கண்மாய் உள்வாய் போதும். கல்லல், பள்ளத்தூர் பக்கம் செம்மண் பாதைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒரு வேண்டுகோள்: மழை ஈரத்தில் கண்மாய்க் கரைமேல் வண்டியை ஏற்றாதீர்கள். கரையில் விழுகிற டயர் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அந்த இடத்தில்தான் கரை முதலில் இளகும். உங்கள் முன் அச்சுக்காக ஊர் வெள்ளாமையைப் பணயம் வைக்கக் கூடாது.

கே: ஃபோர் வீல் போட்டால் பிரேக்கும் நன்றாகப் பிடிக்குமா?
— கோட்டையூர்

ப: பிடிக்காது. கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் இருக்கிறது. மழையில் ஃபோர் வீலை நம்பி வேகம் எடுப்பவர் முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் எடுப்பார்.

கே: வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறி டூ ஹைக்கு மாற்றினேன். டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டே இருக்கிறது. ரிப்பேரா?
— சாக்கோட்டை

ப: பெரும்பாலும் இல்லை. மேலே சொன்ன முறுக்கம் பல்லைப் பிடித்துவைத்திருக்கிறது. ஸ்டியரிங்கை நேராக வைத்து நாலைந்து மீட்டர் ரிவர்ஸில் வாருங்கள். முறுக்கம் அவிழ்ந்ததும் ‘டக்’கென்று விடும், விளக்கு அணையும். அதற்கும் அணையாவிட்டால் டிரான்ஸ்பர் கேஸின் ஷிப்ட் மோட்டாருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னில் பச்சை பூத்திருந்தால் அதுதான் குற்றவாளி. லிவர் வைத்த வண்டி என்றால் லிவரைச் சுத்தியலால் தட்டுவது, இரண்டு கையால் உலுக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கே: தம்பி, மகன் சிங்கப்பூரில இருக்கான். அவன் ஆசையா வாங்கின ஹைலக்ஸ் இங்க ஷெட்டுல நிக்குது. டிரைவர் வாரத்துக்கு ஒருநாள் வந்து ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திட்டுப் போறாரு. அது போதுமாப்பா?
— ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்

ப: போதாது ஆச்சி. நின்ற இடத்தில் ஓடினால் எஞ்சின்கூட முழுசாகச் சூடாகாது. அச்சில் ஒரு பல்கூட அசையாது. டயரும் நாள் முழுக்க ஒரே இடத்தில் பாரம் தாங்கி நிற்கும். டிரைவரை வாரம் ஒருமுறை உங்களைக் குன்றக்குடிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முருகனைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, வண்டி ஓடின மாதிரியும் ஆச்சு. மாதத்தில் ஒருநாள் திரும்பி வரும்போது மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். அன்று கொஞ்சம் குலுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: முதலாளி “வாரா வாரம் வாட்டர் சர்வீஸ் விடுறோமே, அப்புறம் கிரீஸ் எதுக்கு?”ன்னு கேக்குறாரு. என்ன பதில் சொல்லட்டும்?
— டிரைவர், திருப்பத்தூர்

ப: “வாரா வாரம் வாட்டர் சர்வீஸ் விடுறோமே, அதுக்குத்தான் கிரீஸ்” என்று சொல்லுங்கள் அண்ணே.

வாட்டர் சர்வீஸ் கன்னின் அழுத்தம் சேற்றை மட்டும் கழற்றுவதில்லை. கிராஸ் கப்புக்குள்ளும் ஸ்லிப் ஜாயின்டுக்குள்ளும் தண்ணீரைத் திணிக்கிறது. கழுவி முடித்த அன்றே கிரீஸ் அடித்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிடும். அடிக்கும் முறை முக்கியம். முதலில் நிப்பிளைத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் நிப்பிள் வாயில் ஒட்டியிருக்கும் செம்மண்ணையே உள்ளே ஏற்றுவீர்கள். கன்னை மாட்டி மெதுவாக அழுத்துங்கள். கிராஸுக்கு நான்கு கப். முதலில் ஒன்றில் மட்டும் பழுப்பாக, தண்ணீர் கலந்த பழைய கிரீஸ் பிதுங்கும். அங்கே நிறுத்துபவர்கள்தான் அதிகம். நான்கு கப்பிலும் புது நிறம் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால், அடுத்து தேயப்போவது அந்தக் கப்தான். ஷாஃப்டைக் கொஞ்சம் ஆட்டித் திருப்பி மறுபடி அழுத்திப் பாருங்கள்.

சில புது வண்டிகளில் கிராஸுக்கு நிப்பிளே கிடையாது. அதற்கு ஒரே சோதனைதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் முறுக்கிப் பாருங்கள். கிராஸ் இருக்கிற இடத்தில் விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அதுவும் அதே சேதிதான்.

கே: நம்ம சிவகங்கையில கிராஃபைட் எடுக்கிறாங்களே, அதை வாங்கி கிரீஸில் கலந்து அடிக்கலாமா?
— மாணவர், காளையார்கோவில்

ப: நல்ல கேள்வி தம்பி. கிராஃபைட் வழுவழுப்புக்குப் பெயர் போனதுதான், கிரீஸ் செய்பவர்கள் சேர்ப்பதும் உண்டு. ஆனால் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் இங்கே வெட்டி எடுக்கிற கல்லில் கிராஃபைட் சிறு பங்குதான், மிச்சமெல்லாம் பாறைத் தூள். அதைப் பிரித்துச் சுத்தம் செய்வதற்குத்தான் தனியாக ஆலையே வைத்திருக்கிறார்கள். கல்லை அரைத்துக் கலந்தால் பேரிங்குக்கு நீங்கள் மணல் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். கடையில் கிடைக்கும் லித்தியம் கிரீஸ், கையேட்டில் போட்டிருக்கும் எண்ணில், போதும்.

கே: போன மழையில் கண்மாய் மறுகால் போய், எங்கள் ஊர்த் தரைப்பாலத்தில் தண்ணீர். முழங்காலுக்குக் கீழேதான். கடந்து வந்துவிட்டேன். இப்போது முன்பக்கம் ஏதோ ஊளை சத்தம் வருகிறது.
— சிங்கம்புணரி

ப: முதலில், ஓடுகிற தண்ணீரில் இனிமேல் இறங்காதீர்கள். முழங்கால் அளவு என்றாலும் வேகமான மறுகால் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஃபோர் வீல் வண்டி மிதக்க ஆரம்பித்தால் அதில் ஒரு வீலுக்கும் பிடி கிடையாது.

இனி ஊளைக்கு வருவோம். டிஃபரன்ஷியல் கூடு ஓடும்போது சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். விரிந்த காற்று வெளியேறுவதற்காக அச்சின் மேல்பக்கம் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக் குழல் வைத்திருக்கிறார்கள். சூடான கூடு திடீரென்று மழைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். பிரீதர் திறந்து, தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்றை இழுக்கும். அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். நம் ஊரில் பிரீதரை அடைப்பது சேறு மட்டுமல்ல, குளவியும்தான். துளை எங்கே இருந்தாலும் மண் வைத்துக் கூடு கட்டிவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: முன் கிரவுனில் ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். எப்போதும் இதுதான் முதலில். வடிக்கும் பிளக்கை முன்னால் கழற்றி ஆயிலைக் கொட்டிவிட்டு, பிறகு ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும். துளைக்குள் சுண்டுவிரலை விடுங்கள். வண்டி சமதளத்தில் இருந்தால் துளையின் கீழ் விளிம்புக்குச் சரியாக ஆயில் நிற்க வேண்டும். விரலில் ஒட்டியதை வெளிச்சத்தில் பாருங்கள். தேன் நிறம், நல்லது. கறுப்பு, வயசாகிவிட்டது. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அதை ஒருநாள்கூட வைத்திருக்காதீர்கள். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறக்கிறதா என்றும் பாருங்கள். வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறச் சாந்து ஒட்டியிருப்பது சகஜம். நகத்தில் சிக்குகிற அளவு இரும்புச் சில் இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள், உங்கள் ஊளையின் விலாசம் அங்கே இருக்கிறது.

ஆயில் வாங்கும்போது ஒரு கவனம். கிரவுனுக்குப் பெரும்பாலும் ஜி.எல்.5 தரத்தில் 80 டபிள்யூ 90 போன்ற கியர் ஆயில். டிரான்ஸ்பர் கேஸுக்கு அதுவே என்று நினைக்காதீர்கள். செயின் வைத்த பல டிரான்ஸ்பர் கேஸ்களுக்கு ஏ.டி.எஃப். எனப்படும் மெல்லிய சிவப்பு ஆயில்தான். கையேட்டைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்குகிற வண்டிக்குக் கையேடு சொல்கிற கிலோமீட்டரில் பாதியில் மாற்றிவிடுவது என் கட்சி. கிரவுனுக்கு ஊற்றும் ஆயிலின் விலையையும் கிரவுன் பினியன் செட்டின் விலையையும் ஒரே நாளில் கேட்டுப் பாருங்கள், நீங்களும் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள்.

கே: தொண்டிக்கு மீன் லோடு அடிக்கிறேன். வண்டிக்கு அடியில் எல்லாம் துரு. உப்புக் காத்துக்கு என்னதான் மருந்து?
— தேவகோட்டை

ப: தண்ணீர்தான். நல்ல தண்ணீர். லோடு இறக்கிய அன்றே அடிப்பக்கம் முழுக்க அடித்துக் கழுவுங்கள். மறுநாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

துரு என்பது மின்வேதியியல் வேலை. இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தாலே நடக்கும், உப்பு சேர்ந்தால் ஈரத்தில் மின்சாரம் எளிதாக ஓடி அது பல மடங்கு வேகமாகும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் உப்புத்தான், கடற்கரைக்கே போகாவிட்டாலும் அது அச்சின் மேல் சொட்டிக்கொண்டிருக்கும். இந்தத் துருவை ஆராய்கிற பெரிய கூடம் உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 ஜனவரி 14-ம் தேதி திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி. பாலமும் குழாயும் கடல் காற்றில் எப்படி அரிக்கப்படுகின்றன என்பதை அங்கே ஆண்டாண்டாகச் சோதிக்கிறார்கள்.

கழுவிக் காய்ந்த பிறகு ஷிப்ட் மோட்டார் கனெக்டர்கள், வாக்யூம் குழாய் முனைகள், பிரீதர் மூடி, ஊற்றும் பிளக், வடிக்கும் பிளக் இந்த ஐந்து இடத்தையும் கண்ணால் பாருங்கள். பிளக்குகளை வருடம் ஒருமுறையாவது கழற்றி மாட்டினால் இறுகிப் போகாது.

கே: எலி வயரைக் கடிக்குது. ஃபோர் வீல் விழ மாட்டேங்குது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?
— நெல் வியாபாரி, கல்லல்

ப: நிறைய. பல வண்டிகளில் முன் அச்சை இணைப்பதே ஒரு மெல்லிய வாக்யூம் ரப்பர் குழாயோ ஒரு வயரோதான். நெல் மூட்டை பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினால் எலிக்குச் சாப்பாடும் வீடும் ஒரே இடத்தில். டிரான்ஸ்பர் கேஸைப் பிரிக்கிற மெக்கானிக்கைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, முதலில் அந்தக் குழாயை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் தடவிப் பாருங்கள்.

கே: முன்னாடி ரெண்டு டயர் புதுசு, பின்னாடி பழசு. அளவு ஒண்ணுதான். பரவாயில்லையா?
— குன்றக்குடி

ப: டூ ஹையில் பரவாயில்லை. ஃபோர் வீலில் தொந்தரவு. புது டயரில் 8 மில்லிமீட்டர் ட்ரெட், பழையதில் 3 என்றால் விட்டத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு சுற்றுக்கு 31 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு உங்கள் டயர் 420 தடவைக்கு மேல் சுற்றும். பெருக்கினால் 13 மீட்டர். அதாவது நேர் ரோட்டில் போனால்கூட கிலோமீட்டருக்கு 13 மீட்டர் முறுக்கம். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், முன்னும் பின்னும் இடம் மாற்றி ஒரே மாதிரி தேய விடுங்கள்.

கே: மஞ்சுவிரட்டுக்குக் காளையை ஏத்திக்கிட்டு சிராவயல் போனோம். பொட்டல்ல இறங்கி சேத்துல மாட்டிக்கிச்சு. ஃபோர் வீல் போட்டும் முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ஒரு சக்கரம் மட்டும்தான் சுத்துது. நாலும் சுத்தலையே, ஏமாத்திட்டாங்களா?
— காளை வளர்ப்பவர், பட்டமங்கலம்

ப: யாரும் ஏமாற்றவில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுற்றுகிறது என்றாலே டிரான்ஸ்பர் கேஸ் சரியாக வேலை செய்கிறது. ஒவ்வொரு அச்சிலும் இருக்கிற டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரத்துக்குப் பிடி இல்லையோ அதைச் சுற்றவிட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் டிஃப் லாக். ஹைலக்ஸின் பின் அச்சில் அது உண்டு. எல்லா பிக்கப்பிலும் கிடையாது.

லாக் இல்லாத வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்து ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற சின்னப் பற்சக்கரங்கள் அந்த வேகத்துக்குச் செய்தவை அல்ல, ஆயில் எட்டாமல் கருகிவிடும். முதலில் காளையை இறக்குங்கள், அதுவும் மூச்சு விடட்டும். சுற்றுகிற சக்கரத்துக்கு முன்னால் சேற்றை வாரிவிட்டு, சரளையோ வைக்கோலோ பலகையோ கொடுங்கள். ஃபோர் லோ, இரண்டாம் கியர், மெதுவாக. ஃபோர் லோவில் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு கிடைக்கும், வேகம் தேவையே இல்லை. அடுத்த தைக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மாட்டிக்கொண்ட பிறகு ஃபோர் வீல் போடக் கூடாது, பொட்டலில் இறங்குமுன் போட வேண்டும். சக்கரம் சுழலும்போது போட்டால் பல் உடையும்.

கே: அப்பச்சி வைத்திருந்த பழைய ஜீப், தரையில் மூன்று லிவர். இதற்கும் மாதம் ஒருமுறை சட்டம்தானா?
— ராயவரம்

ப: சட்டம் கொஞ்சம் மாறும். 1947-ல் மகிந்திரா இந்தியாவுக்குக் கொண்டுவந்த வில்லீஸ் வம்சத்து ஜீப் என்றால், முன் சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஹப் தனியாக மாட்டவில்லை என்றால், முன் ஷாஃப்ட் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால் முன் கிரவுன் காய்ந்து போகாது. உங்கள் கவலை வேறு இடத்தில். முன் சக்கரத்தின் உள்பக்கம் வழுவழுவென்று ஒரு இரும்பு உருண்டை தெரியும். ஸ்டியரிங் திரும்பும்போது அதைத் துடைத்துக்கொண்டே போக ஒரு ஃபெல்ட் சீல் இருக்கும். அது கிழிந்தால் செம்மண் ஏறி உருண்டை கீறிப்போகும், உள்ளே இருக்கும் மசகு வழிந்து பிரேக் டிரம் பக்கம் போகும். பழைய துணியால் உருண்டையைத் துடைத்துப் பழகுங்கள். கியர்பாக்ஸிலிருந்து டிரான்ஸ்பர் கேஸுக்கு ஆயில் கசிந்து இடம் மாறுவதும் இந்த வம்சத்து வழக்கம், இரண்டு பிளக்கையும் சேர்த்தே பாருங்கள்.

கே: பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. என்ன பார்த்து வாங்க?
— காரைக்குடி

ப: பெயின்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் குனிந்து, முன் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் மிச்சம் என்று அதைக் கழற்றி வைத்துவிடுபவர்கள் உண்டு. இருந்தால், மண் தரையில் ஃபோர் ஹை போட்டு, கையால் ஸ்டியரிங்கை ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். ஸ்டியரிங் இறுகி, வண்டி லேசாகத் திமிறினால் முன் அச்சு இணைந்திருக்கிறது. எந்த மாற்றமும் தெரியாவிட்டால் விளக்கு மட்டும்தான் எரிகிறது. ஃபோர் லோவும் விழுகிறதா, திரும்ப வெளியே வருகிறதா பாருங்கள். பிறகு மூன்று ஊற்றும் பிளக்கையும் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கே: வழியில் வண்டி நின்றுவிட்டால் ரெக்கவரி வண்டியில் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துப் போகலாமா?
— மானாமதுரை

ப: ஃபோர் வீலில் பூட்டியபடி கூடவே கூடாது, தரையில் உருளும் பின் சக்கரம் தூக்கியிருக்கும் முன் அச்சையும் சேர்த்துச் சுற்ற முயலும். டூ ஹையில் இருந்தாலும் எஞ்சின் ஓடாதபோது பின் சக்கரம் உருண்டால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் சரியாக ஏறாமல் உள்பாகங்கள் தேயும். நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற தட்டையான பிளாட்பெட் வண்டியைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காத ராத்திரியில், வண்டியை ஓரம் கட்டிப் பூட்டிவிட்டு விடியும் வரை அங்கேயே விடுங்கள்.